முப்பத்தைந்து வருடப் பற்றை

இராணுவம் விட்டுக்கொடுத்த எங்கள் காணியில் கண்ணிவெடி எடுத்து முடிந்திருந்தது. முப்பத்தைந்து வருடமாக வளர்ந்த பற்றைக்காடு மட்டும் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை வரும் உத்தியோகத்தருக்குப் பழைய வீட்டின் அத்திவாரத்தைக் காட்டினால்தான் வீட்டுத்திட்டத்தில் என் பெயர் ஏறும். மண் தோண்டும் பெக்கோவை விட்டால் பற்றையோடு அத்திவாரமும் கிளம்பிவிடும். கத்தியால் வெட்ட நாள் காணாது.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் சிவரூபன் அண்ணைக்கு அவருடைய மச்சான் கொடுத்த, புல்லும் பற்றையும் வெட்டும் மெஷின் ஒன்று கோழிக்கூட்டடியில் கிடந்தது. அதைத் தூக்கினேன்.

"உது செத்துக் கனகாலம், உதயகலா. பழைய இரும்புக்காரனும் எடுக்கமாட்டான்," என்றார் அண்ணை.

"அப்ப எனக்குப் போட்டியில்லை," என்றேன்.

எனக்கு வீம்பு வந்தால் சோறும் இறங்காது. காபரேற்றரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவினேன். புதுப் பிளக் போட்டேன். அறுந்த இழுகயிற்றுக்குப் பதிலாக நைலோன் கயிறு கட்டினேன். இழுத்தால் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மூன்று நாளும் இதே கதை. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

புகை வெளியே வரவேயில்லை என்பது புதன்கிழமைதான் உறைத்தது. சைலன்சருக்குள் ஈர்க்கை விட்டுக் குடைந்தேன். குளவி கட்டிய மண்கூடு பொலபொலவென்று கொட்டியது. ஒரு குளவி என் மூன்று நாளைத் தின்றிருக்கிறது! அடுத்த இழுவைக்கே மெஷின் கத்தியது. நானும் கத்தினேன்.

வியாழன் பத்து மணிக்கு அலகு கல்லில் பட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். பச்சைச் சீமெந்துத் தரை. எங்கள் வீட்டுத் தரை சிவப்பு. இது பக்கத்து வீட்டுப் பராசக்தி அக்காவின் வீடு. பத்து வயதில் யுத்தத்துக்குப் பயந்து ஓடிய எனக்கு, வேலியும் இல்லாத காட்டில் எல்லை எப்படித் தெரியும்?

உத்தியோகத்தருக்குப் பச்சையும் சிவப்பும் தெரியவா போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அக்காவும் என்னைப் போல அதே பட்டியலுக்குக் காத்திருப்பவர்தான். போனை எடுத்தேன்.

"அக்கா, உங்கடை வீடு வந்திட்டுது. எங்கடையைத்தான் காணேல்லை."

"மெஷினை நிப்பாட்டாதை பிள்ளை. வாறன்," என்றார்.

ஓட்டோவில் கத்தியோடு வந்து இறங்கினார். தன் தரையை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு மூலையில் நின்று கையை நீட்டினார்.

"இது எங்கடை குசினி. இதிலை சமைச்சுக்கொண்டு நிண்டால் உன்ரை கொம்மா உன்னைக் கூப்பிடுறது கேக்கும். இந்த நேருக்கு வெட்டு."

நான் வெட்ட வெட்ட அவர் இழுத்துப் போட்டார். பொழுது சாய முன்னம் சிவப்புத் தெரிந்தது. அதிலேயே இருந்து அழுதேன்.

மறுநாள் காலை உத்தியோகத்தர் வந்தார். இரண்டு தரையிலும் நடந்து பார்த்துவிட்டு, இரண்டு பெயர் எழுதினார்.