சோபியா இந்தியாவைச் சுற்றிப் பார்த்த கதை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல் வாங்கி வந்தது. தோய்ந்தது மட்டும் என் பாத்திரத்தில். புளித்திருந்தால் பாத்திரத்தைக் குறை சொல்லுங்கள்.

கொடுத்தவள் சோபியா. மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அவள் கணவர் லியோ பிரபு எங்கள் வரதராசன்பேட்டைக்காரர். மலேசியாவில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். தை மாதம் மனைவியையும் மகள் அனிட்டாவையும் அழைத்துக்கொண்டு, அக்கா மரிய புஷ்பம் டீச்சர் தனியாக இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்குற வரைக்கும் இருந்து பாரு. பிடிக்கலன்னா திரும்பிடலாம்" என்று சோபியாவிடம் சொல்லியிருந்தார். திரும்பினால் அங்கே வேலை இல்லை என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

இனி தொடக்கம்.

"சோழ மண்ணின் புழுதி சோபியாவின் பாதங்களை முத்தமிட்டபோது…" (அடித்தாயிற்று. அவள் ஷூ போட்டிருந்தாள்.)

"தாயகம் என்பது நிலமா, நினைவா என்று…" (கட்டுரைப் போட்டிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.)

"வேன் கிளம்பியபோது அதில் சோபியா இல்லை."

இது பரவாயில்லை. ஆனால் வேன் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள்.

2

கோடை விடுமுறைக்கு இந்தியாவைச் சுற்றிப் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. லியோ முதலில் தாஜ்மகால் என்றார். ரயிலில் இடமில்லை. ஊட்டி என்றார். ரூம் இல்லை. கடைசியில் புஷ்பம் டீச்சர் தீர்ப்புச் சொன்னார்: "கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு, சாத்தனூர்ல கல்மரம் இருக்கு, ரஞ்சன்குடியில கோட்டை இருக்கு. இதெல்லாம் இந்தியா இல்லாம இலங்கையா?"

சித்தப்பா வீட்டுக் கூட்டமும் சேர்ந்துகொள்ள, ஒரு வேன் நிறையப் புளிச்சோறும் உறவுமாகக் கிளம்பினார்கள். கத்திரி வெயில். கோயிலின் கல் தரையில் அத்தனை பேரும் தவளைபோல் குதித்தார்கள். சாத்தனூரில், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கல்லாகிப் போன மரத்தைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.*

"மரம் மாதிரியே இருக்கு" என்றாள் அனிட்டா.

"மரந்தான்டி அது" என்றார் புஷ்பம் டீச்சர்.

(* எழுத்தாளன் கையில் கல்மரம் கிடைப்பதும் குரங்கு கையில் பூமாலை கிடைப்பதும் ஒன்று. வேரோடு பெயர்க்கப்பட்டவள், கல்லானது, உறைந்தது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். சோபியா படித்துவிட்டு, "எனக்கு அப்ப தலைவலி சார். வேற ஒண்ணும் தோணல" என்றாள். இரண்டு பக்கமும் போயிற்று.)

3

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். சோபியா கழிப்பறை தேடிப் போனாள். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று டிரைவர் கேட்க, "ஏறியாச்சு, எடுப்பா" என்றார் புஷ்பம் டீச்சர். முன் சீட்டில் இருந்த லியோ, மனைவி பின்னால் இருப்பதாக நினைத்தார். பின்னால் அனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள்.

சோபியா திரும்பி வந்தபோது வேன் நின்ற இடத்தில் ஒரு நுங்கு வண்டி நின்றது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதோ திரும்பிவிடுவார்கள் என்று நிழலில் நின்றாள். வரவில்லை. போன் வேனில் சார்ஜில் கிடந்தது. யாரிடமாவது போன் கேட்கலாம். ஆனால் லியோவின் புது நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை. மனப்பாடமாக இருந்தது கிள்ளான் வீட்டு நம்பர் ஒன்றுதான். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

தோளில் கைப்பை இருந்தது. அதில் பாஸ்போர்ட் இருந்தது. வந்த நாளிலிருந்து அதை வீட்டில் வைத்துவிட்டு அவள் வெளியே போனதில்லை.

"திருச்சி, திருச்சி, திருச்சி!"

திருச்சியில்தான் விமானம் வந்து இறங்கியது. அங்கிருந்துதான் போகவும் போகும். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நாலு மாதமாக அவளை எல்லாரும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சாப்பிட்டியா, எங்க போற, ஏன் பூ வைக்கல, காரை ஏன் காடின்னு சொல்ற. அந்த பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் முகம் நினைவுக்கு வந்தது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

பஸ் நகர்ந்து வாசலில் திரும்பும்போது எழுந்து நின்றாள்.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே."

"இப்பதானேம்மா ஏறுனீங்க?" என்றார் கண்டக்டர்.

"தப்பா ஏறிட்டேன்."

இறங்கிவிட்டாள்.

ஏன்? மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். அனிட்டாவுக்குக் காலையில் ஒரு பக்கம்தான் ஜடை போட்டிருந்தாள் என்பது ஒன்று. பக்கத்தில் ஒரு குழந்தை "அம்மா" என்றது என்பது இரண்டு (வெட்கமாக இருக்கிறது). மூன்றாவதை நானே படிக்க முடியாதபடி அடித்துவிட்டேன்.

"மூணும் இல்லீங்க சார்" என்றாள் சோபியா.

"பின்ன ஏன்?"

"கதை எழுதுறது நீங்கதானே?"

4

அரியலூர் வழி பஸ் பிடித்து, ஜெயங்கொண்டத்தில் மாறி ஏறினாள். மடியில் பலாப்பழத்தோடு இருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "யாரு வூட்டுக்குப் போறீங்க?"

இந்த இடத்தில் நான் எழுதியது: "சோபியா ஒரு கணம் யோசித்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: 'எங்க வூட்டுக்கு.'" எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் உண்மையில் சொன்னது: "புஷ்பம் டீச்சர் வூட்டுக்கு."

"அட, அந்தம்மாவா! எம் மவன் அவங்ககிட்ட வாங்காத அடியா? இப்ப போலீஸ்ல இருக்கான்" என்று அந்த அம்மாள் உரிமையோடு இவள் மடியில் பலாப்பழத்தை மாற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போனாராம். முள் குத்தக் குத்த, இறங்கும்வரை சோபியா பிடித்துக்கொண்டு வந்தாள்.

டீச்சர் வீட்டுச் சாவி எப்போதும் பக்கத்து வீடான எங்கள் வீட்டில்தான் இருக்கும். வாசலில் வந்து நின்ற சோபியாவை என் மனைவி மஞ்சு உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் டீச்சருக்குப் போன் போட்டேன்.

வேன் அப்போது மறுபடியும் சாத்தனூரில் நின்றது. ரஞ்சன்குடி வாசலில்தான் ஆள் குறைவது தெரிந்திருக்கிறது. அவளைக் கடைசியாகக் கல்மரத்தடியில்தான் பார்த்ததாகப் பலர் சத்தியம் செய்ய, பெரும்பான்மை வென்றது.

பொழுது சாய வந்தார்கள். லியோ வேன் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தார். "யார்கிட்டயாவது வாங்கி ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"எந்த நம்பருக்குங்க?" என்றாள் சோபியா.

புஷ்பம் டீச்சர் சோபியாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த கையோடு கட்டிக்கொண்டு அழுதார். "நாந்தான்டி எடுன்னு சொன்னேன். எண்ணிப் பாக்கலடி."

"பரவாயில்ல அண்ணி" என்றாள் சோபியா. திருச்சி பஸ்ஸைப் பற்றி அங்கே அவள் மூச்சு விடவில்லை. எங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

5

முடிவு ஒன்று: ஜூனில் அனிட்டா சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். (இது நடந்தது. ஆனால் சோபியா இருந்துவிட்டாள் என்று இதற்கு அர்த்தமில்லை.)

முடிவு இரண்டு: திருச்சி விமான நிலையம், ஒரு பெட்டி, ஒரு… (போதும்.)

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு புஷ்பம் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் இந்தக் கதையின் பிரதி.

"இந்தத் திருச்சி பஸ்ஸு நெசமா, கற்பனையா?"

"கற்பனைதாங்க டீச்சர்" என்றேன். என் வாழ்க்கையிலேயே அதைவிட வேகமாக நான் கற்பனை செய்ததில்லை.

"பொய் சொல்லாதீங்க. இதை எங்கிட்ட படிக்கக் குடுத்ததே அவதான்."

டீச்சர் பிரதியைப் புரட்டி அந்தப் பக்கத்தை என் முன் நீட்டினார்.

"அந்தக் கட்டத்தை எடுத்துடலாமுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம். ஏறுனது இருக்கட்டும். ஏறத் தோணாதா பின்ன? எறங்குனதும் இருக்கட்டும். ஏன் எறங்குனான்னு மட்டும் நீங்க எழுதாதீங்க. நானும் கேக்கல. அது அவகிட்டயே இருக்கட்டும்."

எழுந்து போனவர் வாசலில் நின்று, "சந்திப்பிழை நெறைய இருக்கு" என்றார்.

பிழைகளைத் திருத்திவிட்டேன். காரணத்துக்கு விட்ட இடத்தை வெறுமையாகவே வைத்திருக்கிறேன்.

சோபியா இறங்கினாள், ஏனென்றால் [                    ].

உங்களுக்குத் தெரிந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். அவளிடம் போய்க் கேட்காதீர்கள்.