தாத்தாவின் கிராப்பு

கத்தரிக்கோல் சத்தம் கேட்டுப் பல் மருத்துவர் எட்டிப் பார்த்தபோது, அவள் அப்பாவின் தலையில் பாதி முடி இறங்கியிருந்தது. பால்கனி நாற்காலியில், கழுத்தைச் சுற்றிப் பழைய போர்வையோடு அவர் உட்கார்ந்திருந்தார். பின்னால், வாயில் சீப்பைக் கவ்விக்கொண்டு அவள் மகள் சில்வண்டு. பதினேழு வயதாகியும் வீட்டில் அந்தப் பெயர்தான்.

பல் மருத்துவருக்குச் சுருக்கென்றது. பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள். மகளோ மூன்று வாரமாகப் படிவத்தைத் தொடவில்லை. முடி அலங்காரம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சொந்த கிளினிக் இருக்கிறது, வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி என்று அம்மா சொல்லாத நாளில்லை.

"படிவத்தை நிரப்பச் சொன்னா, இங்க என்னடி பண்ற?"

"ஆடாதீங்க தாத்தா," என்றாள் சில்வண்டு, தாத்தாவிடம் மட்டும்.

அவருக்கு எண்பத்தாறு. இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதிலிருந்து குஷி கூடிப்போயிருந்தது.

"அவளை விடு. இந்த வயசுல உனக்கு என்ன ஆசை, ஞாபகம் இருக்கா?"

"ரேடியோவுல செய்தி வாசிக்கணும்னு. அதுக்கென்ன இப்போ?"

"வாய் நிறையப் பேசணும்னு ஆசைப்பட்ட பொண்ணு. உன்னைப் போய் அடுத்தவன் வாயைப் பார்க்க வெச்சுட்டேன்."

சில்வண்டு சீப்பைத் தவறவிட்டுச் சிரித்தாள். பல் மருத்துவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாக அவர் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், பிடரியில் கத்தரி பட்டதும் கூச்சத்தில் நெளிந்து மறந்துபோனார்.

முடிந்ததும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பொண்ணு பார்க்கப் போகலாம் போலிருக்கே!"

சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலியில் கண்ணயர்ந்தார். மூன்று மணிக்கு டீ கொண்டுபோன சில்வண்டு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் எழவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே வந்தவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் அழ மறந்தார்கள்.

அவருடைய தம்பி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணனுக்கு யாரும்மா முடி வெட்டினது? ஆயுசு முழுக்கத் தலையில காக்கா கூடு கட்டின மாதிரி திரிஞ்சவரு, என்ன களையா இருக்காரு பாரு!"

அழுது வீங்கிய கண்களோடு சில்வண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"என் பொண்ணு," என்றாள் பல் மருத்துவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அதைத்தான் படிக்கப் போறா."

மறுநாள் காரியமெல்லாம் முடிந்து திரும்பியதும், சித்தப்பா நேரே பால்கனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கும் ஒண்ணு வெட்டி விடு, கண்ணு. நான் அங்க போய்ச் சேரும்போது அண்ணன் என் தலையைப் பார்த்துச் சிரிச்சிடக் கூடாது."

வீடே சிரித்தது. சில்வண்டு போர்வையை உதறிப் போர்த்தினாள். காதோரம் வந்தபோது கத்தரி தயங்கியது. யாரும் கேட்காமலே பல் மருத்துவர் குனிந்து, சித்தப்பாவின் காது மடலை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.