நீர்மூச்சு மந்திரம்

வெள்ளத்துரை மூக்கைப் பொத்திக்கொண்டான். "ஏலே எஸ்றா, இந்தச் சோழி எங்கன கிடந்ததுலே? என்னா நாத்தம்!"

ஜெபகனி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் சங்குக் கிடங்கில் வேலை. சதை அழுகிக் கழன்று விழும்வரை சங்கைக் குவித்துப் போட்டிருக்கும் இடம் அது. சங்கோடு வந்து சேர்ந்த சோழிகளை அவர் பொறுக்கிக் கொடுத்திருந்தார். பெரியப்பா சபையில் உபதேசியார். பகடை உருட்டுவது பாவம், அது அவர் வீட்டுக்குள் வரக்கூடாது. சோழியைப் பற்றி வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்று அவர் மகன் எஸ்றா சாதித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு மாடியில் பாய் விரித்து ஆட அனுமதி வாங்கியிருந்தான். ஆட்டத்துக்கு வீட்டில் 'இங்கிலீஷ் பழகுவது' என்று பெயர்.

ஒரு கப்பல்காரன் துறைமுகத்தில் விட்டுப்போன மண்ணிற இங்கிலீஷ் புத்தகம்தான் ஆட்டத்தின் சட்டம். எஸ்றா கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். நினைத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடைக்குப் பதில் உருட்டும் சோழி சொல்லும். பாத்திரம் செத்தால் ஆள் வெளியே, திரும்ப வர முடியாது. ஜெபகனி மந்திரக்காரி. மந்திரத்தைத் தமிழில் பாட்டாகச் சொல்வது அவளாக உண்டாக்கிய வழக்கம். அம்மா படுக்கையில் விழுந்ததில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் அவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பாய்.

வெள்ளத்துரை புதிதாகச் சேர்ந்தவன். எஸ்றா குமாஸ்தாவாக இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் முதலாளியின் மகன். போன வாரம் மந்திரத்துக்குக் காத்திராமல் அவனுடைய படைவீரன் கடலில் குதித்துவிட்டான். ஜெபகனி கரையில் நின்றே, தண்ணீருக்குள் மூச்சுவிட வைக்கும் நீர்மூச்சு மந்திரம் சொன்னாள். அது கூட்டாளிகள் எல்லாரையும் எட்டும் என்று மண்ணிறப் புத்தகத்தைக் காட்டி, எஸ்றா அவனைப் பிழைக்க வைத்தான்.

இன்றைக்கு, முழுகிக் கிடந்த கப்பலுக்குள் படைவீரனும் மந்திரக்காரியும் கைகோத்து இறங்கினார்கள். எஸ்றாவின் தங்கை பிளாரன்ஸின் பாத்திரம் மேலே படகில் காவல். ஜெபகனி பாடினாள்:

"அலையே வழிவிடு, உப்பே விலகு,
நெஞ்சுக்குள் காற்றே நில்."

சோழிகள் மல்லாந்து விழுந்தன.

"பலிச்சிட்டு!" என்றாள் பிளாரன்ஸ்.

"பொறு," என்று எஸ்றா முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்தான். "வெள்ளத்துரை வரவழைச்சுத் தந்தான். புதுப் பதிப்பு. இதுல ஒரு மந்திரத்துக்கு ஒரு ஆளுதான். தொட்ட ஆளுக்கு மட்டும். நீ அவன் கையப் பிடிச்சிருந்தே, மூச்சு அவனுக்குப் போயிட்டு. நீ முங்கிட்டே."

"நல்லதாப் போச்சு," என்றான் வெள்ளத்துரை. "அடுத்த வாரம் என் மச்சான் வாரான். இடம் வேணும்லா."

ஜெபகனி எஸ்றாவைப் பார்த்துக் கேட்டாள். "அப்பம் போன வாரம், அண்ணே? நான் இவங்களத் தொடவேயில்லயே. புதுசுபடி இவங்க அன்னைக்கே செத்தாச்சுல்லா?"

"அன்னைக்கு இருந்தது பழைய புத்தகம். நடந்தது நடந்துபோச்சுளா."

பிளாரன்ஸ் நீலப் புத்தகத்தை இழுத்து விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, கீழே இன்னொரு வரி கிடக்கு. மந்திரம் சொன்ன ஆளு செத்தா, மந்திரமும் அந்த நிமிஷமே அறுந்துபோகுமாம். அப்பம் இவங்களும் முங்கணுமே?"

வெள்ளத்துரையின் சிரிப்பு நின்றது. எஸ்றாவின் கை மெதுவாக மண்ணிறப் புத்தகத்தின் பக்கம் நகர்ந்தது. "அதுக்குப் பழசத்தான் பாக்கணும். பழசுல மந்திரம் அறுந்துபோகாது."

காலையில் கோயிலில் எஸ்றா வேதபாடம் வாசித்த அதே குரல், அதே நிறுத்தம், அதே கனிவு. ஜெபகனி பாயின் ஓரத்துக்கு விலகி உட்கார்ந்தாள். சங்குக் கிடங்கு நாற்றத்திலிருந்துகூட ஒருநாளும் அவள் அப்படி விலகியதில்லை.

"அழாதளா," என்றான் எஸ்றா. "கதையில வெள்ளத்துரைக்கு ஒரு வேலைக்காரி வேணும். மூட்டையத் தூக்கிட்டு வாயத் திறக்காமக் கூட வா. மந்திரப் பாட்ட மட்டும் பிளாரன்ஸுக்குச் சொல்லிக்குடுத்திரு."

"நான் எங்கன அழுதேன்?" அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்துல கிடக்கு அண்ணே? பழசுலயா, புதுசுலயா?"

எஸ்றா நீலப் புத்தகத்தை மூடினான். அவள் பாயில் சிதறிக் கிடந்த சோழிகளை ஒவ்வொன்றாகப் பாவாடையில் பொறுக்கிப் போட்டாள்.

"ஏளா, அதக் கொண்டுபோனா நாங்க எப்பிடி ஆட?" என்றான் வெள்ளத்துரை.

"நாறுதுன்னீங்கள்லா."

கீழே பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அதுக்குள்ள இங்கிலீஷ் பழகியாச்சா?"

"ஆச்சு, பெரியப்பா. இனிமே வரல."

தெருவில் இறங்கியதும் ஒரு சோழியை எடுத்து மோந்து பார்த்தாள். வெள்ளத்துரையின் சென்ட் வாசனை சோழிகளில் அப்பியிருந்தது. நேரே கிடங்கு வாசல் குழாயடிக்குப் போய், பழைய சங்கு நாற்றம் மட்டும் மிஞ்சும்வரை அவற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.