பல்கலைக்கழகத்துக்கு நிறம் வந்த கதை

மூடிக்கிடந்த சோப்பு ஆலைக்கு வெள்ளையடித்து, வாசலில் 'பல்கலைக்கழகம்' என்று பலகை மாட்டினார்கள், கண்ணுகளா. மாணவர்கள் வருவதற்கு முன்பே பேராசிரியர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. எதற்கு? கொடிக்கு என்ன நிறம் என்றுதான். பதினோரு கூட்டம் போட்டும் முடிவாகவில்லை. கடைசியில் சாயப்பட்டறைக்காரியிடம் மாதிரித் துணி கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

அவள் பன்னிரண்டு சாயத்தில் பன்னிரண்டு துணி தோய்த்துப் பொட்டலம் கட்டினாள். அவசரத்தில், வேலைக்கு நடுவே கை துடைத்த துணியும் உள்ளே போய்விட்டது. பாதி கத்தரிப்பூ நிறம். மீதி, எல்லாச் சாயமும் அப்பிய ஒரு பழுப்பு. அந்த அறிவாளிகள் பன்னிரண்டையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கத்தரிப்பூ ஞானமாம், பழுப்பு தியாகமாம். ஒருவர் புத்தகமே எழுதிவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, முதல் பட்டமளிப்பு விழாவுக்கு முந்நூறு வெள்ளை அங்கிகளை அனுப்பி, அதே நிறத்தில் தோய்க்கச் சொன்னார் பதிவாளர். பட்டறைக்கு வேறு வேலை வந்து ஆறு மாதம் ஆகிறது. இதுவும் கைவிட்டுப் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். கத்தரிப்பூ சுலபமாக வந்தது. பழுப்புக்கு எட்டு நாள் மல்லுக்கட்டினாள், மசியவில்லை.

ஒன்பதாம் நாள் பதிவாளர் வந்து நின்றார்.

"ஐயா, மறைக்க விரும்பல. அது நிறமே இல்லைங்க, நான் கை துடைச்ச துணி."

பதிவாளர் முகம் சுண்டிப்போனது. "புத்தகம் அச்சாகி வந்தாச்சும்மா. இனிமே அது கை துடைச்ச துணியா இருக்க முடியாது. உங்களால ஆகலன்னா சொல்லுங்க, மில்லுக்குக் குடுத்துடறேன்."

"ஆகும்ங்க!" அவள் வாய் முந்திக்கொண்டது.

அவர் தலை மறைந்ததும், பட்டறையில் கூடவே வேலை செய்யும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "எப்படி அண்ணி ஆகும்?"

"எப்படி வந்துச்சோ அப்படித்தான். உன் அண்ணனையும் கூப்பிடு. ஒவ்வொரு தொட்டியிலயும் கையை முக்கி அங்கியில துடைங்க."

மூன்று பேரும் பத்து நாள் துடைத்தார்கள். பதிவாளர் ஓர் அங்கியைத் தூக்கிப் பார்த்தார். "அச்சு அசல் தியாகம்!" என்று கண்கலங்கினார். அடுத்த வருட வேலையும் அவளுக்கே என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

விழாவைப் பார்க்க அண்ணியும் நாத்தனாரும் போனார்கள். முழங்கைவரை ஏறிய சாயத்தைப் பார்த்துக் காவலாளி குறுக்கே கை நீட்டினார்.

"உள்ள பெரிய மனுஷங்க இருக்காங்கம்மா. கையைத் துடைச்சிட்டு வாங்க."

"துடைச்சாச்சுண்ணே," என்றாள் நாத்தனார். "முந்நூறு பேர் மேல."