பெரிய சக்கரம்

போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் எஸ்டேட்டின் தேயிலை ஆலை மூடிக் கிடந்தது. வேலையில்லாத ஃபிட்டர் கிளாரன்ஸ் ஓர் இரும்புக் குழாயின் இரண்டு முனைகளிலும் தள்ளுவண்டிச் சக்கரங்களை மாட்டினான். பெஞ்சில் மல்லாந்து படுத்து, அதை நெஞ்சுக்கு மேலே தூக்கப் பழகினான்.

சின்னச் சக்கரங்கள் சுலபமாக வசப்பட்டன. பெரியவற்றை மாட்டியதும் கை பாதியிலேயே நின்றுவிட்டது. விடாமல் தினமும் முயன்றும் பாரம் அதற்குமேல் எழவில்லை.

தலைமாட்டில் நின்று குழாயைத் தாங்கிப் பிடிக்கும் மனைவி கத்தரீனுக்குப் பொறுக்கவில்லை.

"வெறும் மரவள்ளிய தின்னுட்டு நித்தம் இதோட மல்லுக்கட்டுனா உடம்பு எப்படித் தேறும்லா? ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்குங்க. சின்னத மாட்டி நிறைய தடவ தூக்குங்க."

கிளாரன்ஸுக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னபடியே செய்தான். லயத்து வீட்டுக்குப் பின்னால் அவள் பயிர் போட்டிருந்த கடலையை அவித்துத் தின்றான்.

சில வாரங்கள் கழித்துப் பெரிய சக்கரங்களை மறுபடி மாட்டினான். குழாய் பாதியில் தயங்கியது. கத்தரீன் கையை நீட்டினாள்.

"தொடாத! வருது!"

கைகள் மெல்ல நிமிர்ந்தன. குழாய் உச்சியில் நின்றது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"சரி, எந்திரிங்க" என்றாள் கத்தரீன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே. "சின்னத மாட்டுங்க. இப்ப நான் படுக்கிறேன்."