அரிசி சிந்திய கத்தி

போர்ட் பிளேரில் ஓர் அருங்காட்சியகத்தில் நான் குமாஸ்தா. பழம்பொருள் பராமரிப்புப் பயிற்சிக்கு மெயின்லேண்டுக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, மற்ற எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்ததால் என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து நான் எக்ஸ்பர்ட். இரும்பு ஆயுதங்களைப் பற்றிய வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது என்பதையும், அதில் பாதி நேரம் நான் தூங்கினேன் என்பதையும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சுனாமிக்கு மறுவருடம், ஃபெரியில் கடல் தாண்டி வர வேண்டிய பாம்பூஃப்ளாட்டிலிருந்து பொன்னம்மா என்னைத் தேடி வந்தார். அங்கே ஜெட்டி அருகே இட்லிக்கடை வைத்திருப்பவர். மீன்கூடைக்குள் துண்டில் சுற்றி ஒரு கெரிஸ் வைத்திருந்தார். பாம்புபோல நெளிந்திருக்கும் மலாய்க் குத்துவாள். கணவர் பெரியதம்பியின் தாத்தா பினாங்கில் இருந்தபோது கிடைத்ததாம். கடல் வீட்டுக்குள் புகுந்த அன்று சேற்றில் புதைந்துபோய், இப்போது துருவேறிக் கருவாடு மாதிரி இருந்தது.

"இரும்புக்குள்ளயே அரிசி சிந்தினாப்ல கோலம் ஓடும் சார். அவுக அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. கடல் பானி உள்ள வந்த அன்னையிலருந்து மீன் புடிக்கப் படகைத் தொடல. ஃபெரியிலகூட ஏற மாட்டேங்கிறாக. இதாவது சரியாச்சுன்னா கொஞ்சம் தெளிவாகளோ என்னமோ."

பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஏக்தம் புதுசாக்கிடலாம்மா" என்றேன்.

இளநீரில் ஊறப்போட்டு, எலுமிச்சம்பழத்தால் தேய்த்துத் தேய்த்துத் துருவை எடுத்தேன். வெங்காயம் நறுக்கும் கத்தியைப்போல வெளுத்துவிட்டது. கோலம் கண்ணுக்கே தெரியவில்லை. பயப்படவில்லை. பாஷாணத்தை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசினால் சாதா இரும்பு கறுக்கும், ஊடே வைத்து அடித்த வேறு உலோகம் வெள்ளையாகவே நிற்கும், அப்போது கோலம் எழும்பும். வகுப்பில் இந்த இடம்வரை விழித்திருந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் பூசுவது என்று சொன்னபோதுதான் கண் சொருகியிருக்க வேண்டும்.

பாஷாணம் கேட்டு நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பக்தவத்சலம் பொட்டலத்தைக் கையை விட்டு விடாமல் கேட்டார்:

"வீட்ல எல்லாம் டீக்தானே, சண்டை ஒண்ணும் இல்லையே சார்?"

"கத்தில பூசறதுக்கு."

"கத்திலயா?" என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒருவழியாக வாங்கிக்கொண்டு வீடு சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. மனைவி வைஜெயந்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"யாருக்குங்க?"

நடந்ததைச் சொன்னேன். "நீங்க எலிப்பொறியில விழுந்த எலியையே திறந்து விடுறவரு. எனக்கொண்ணும் பயமில்ல. ஆனா அது வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள்.

எனவே அலுவலகத்துக்குப் பின்னால், கையுறை மாட்டிக்கொண்டு, வெயிலில் வைத்துப் பூசினேன். முதல் பூச்சில் ஒன்றும் நடக்கவில்லை. தாராளமாக இன்னொரு பூச்சு பூசிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கத்தி நுனியிலிருந்து அடிவரை ஒரே கறுப்பாக இருந்தது.

பொன்னம்மாவிடம், "இதுதான் ஆன்டிக் லுக்" என்றேன். அவர் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை என் அறை வாசலில் ஒருவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பின்னால் நின்ற பொன்னம்மா, எதையும் கேட்காதீர்கள் என்று கண்ணால் ஜாடை காட்டினார்.

"நீருதான் அந்த எக்ஸ்பர்ட்டா?" என்றார் பெரியதம்பி. கெரிஸை என் மேஜைமேல் வைத்தார். "இது என்ன கத்தியா, தோசைக்கல்லா?"

"எப்படி வந்தீங்க?" என்று என் வாயில் வந்துவிட்டது.

"ஃபெரியிலதான். பறந்தா வருவாக?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். செம்பைப் பொன்னம்மா பிடித்துக் குடிக்கவைத்தார்.

அன்று பூராவும் அலுவலகக் கொல்லைப்புறத்தில் இருந்தோம். மறுபடி எலுமிச்சை போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கினோம். பூசுவதைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் நான் செய்வதெல்லாம் தப்பு என்பதில் சந்தேகமே இல்லாமல் இருந்தார். நான் பூசுவேன், அவர் "போதும், கழுவும்யா" என்று அதட்டுவார். நான் இன்னும் கொஞ்சம் என்பேன். அவர் தண்ணீரை ஊற்றிவிடுவார். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கையில், ஒரு தடவை கழுவியபோது சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் சில தெரிந்தன. அடுத்த கழுவலில் கத்தி முழுக்க அரிசி சிந்திக் கிடந்தது.

பெரியதம்பி எண்ணெய் தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நுனியில பத்தல" என்றார்.

நுனியைத் துரு தின்றுவிட்டது என்றேன். அதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல என்னைப் பார்த்தார். பொன்னம்மா கத்தியைப் பார்க்கவே இல்லை. கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர்களை வழியனுப்பப் போன சாத்தாம் ஜெட்டியில் ஃபெரி வந்து நின்றதும் பெரியதம்பியின் கால் நகரவில்லை. காலையில் கோபத்தில் ஏறிவிட்டார். இப்போது என்மேல் அவ்வளவு கோபம் மிச்சமில்லை.

"நீரும் வாரும்" என்றார்.

ஏறினேன். அக்கரை சேரும்வரை அவர் என் மணிக்கட்டை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, என் வேலையில் இருந்த குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஃபெரியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று, விட்டுப்போனவற்றை நானே எடுத்துக்கொடுத்தேன்.