கூடவே நகர்ந்த தூசி

நானும் என் மனைவியும் ஒரே வானாய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அகச்சிவப்புக் கேமராவின் சொந்தச் சூடு படத்தில் விழுந்துவிடாமல் அதைக் குளிர்விப்பது என் வேலை. நான் குளிர்வித்த குளிர்ச்சியில் பக்கத்துக் கட்டடத்துக்காரர்களுக்கெல்லாம் சளி பிடித்தது. கேமராவில் பதிவானதைப் படித்துச் சொல்வது அவள் வேலை. என்னை ‘ஐஸ்பெட்டி’ என்றுதான் கூப்பிடுவாள். இயக்குநருக்கே மரியாதை கொடுக்காதவள், எனக்கா கொடுப்பாள்?

கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய சண்டை ஒன்று உண்டு. ஒரு நட்சத்திரத்தை ஒட்டி மங்கலாக ஓர் ஒளித்திட்டு.

“தூசித் தட்டுடா அது. பாறைங்க மோதி நொறுங்கின தூள், நட்சத்திரச் சூட்டுல மினுங்குது” என்பாள்.

“பின்னாடி எங்கேயோ கிடக்கிற கேலக்சி. உன் கண்ணுக்குத் தட்டாத் தெரியுது” என்பேன்.

தீர்க்க ஒரே வழிதான். நட்சத்திரம் வானத்தில் மெல்ல மெல்ல நகரும். திட்டும் கூடவே நகர்ந்தால் அதன் சொந்தத் தூசி, நின்றுவிட்டால் அந்நியம். அது தெரிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தட்டு விஷயத்தில் தோற்பவர் ஆயுசுக்கும் தட்டு கழுவ வேண்டும் என்று பந்தயம். அந்தச் சண்டையில் எங்கள் வீட்டுக் கூரை பலமுறை பறந்துபோய்த் திரும்பி வந்திருக்கிறது.

போன வருடம் சண்டை ஓய்ந்தது. அவள் முதலில் சாவியை மறந்தாள், பிறகு தெருவை, பிறகு என்னை.

இன்று காலை ஆய்வகத்திலிருந்து புதிய படம் வந்தது. அச்சுப் பிசகாமல் திட்டு கூடவே நகர்ந்திருந்தது. ஜெயித்தது அவள்தான். ஆனால் ஜெயித்தாய் என்றால் சும்மா இருந்துவிடுவாள். தோற்றாய் என்றால் எந்த மறதிக்குள் இருந்தாலும் எழுந்து வந்து என்னைக் கிழிப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

சமையலறை மேசையில் படத்தை வைத்தேன். “தோத்துட்ட. கேலக்சியேதான். எழுந்து தட்டைக் கழுவு.”

‘போடா ஐஸ்பெட்டி’க்காகக் காத்திருந்தேன்.

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்றாள். எழுந்து, சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “இரு, இரு. பொய் சொன்னேன். நீதான் ஜெயிச்ச. பாரு, கூடவே நகர்ந்திருக்கு.”

“அப்படியா? நல்லது.” கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “உங்க வீட்டம்மாகிட்ட காட்டினீங்களா சார்?”

“காட்டிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

குழாயைத் திறந்தேன். “தட்டைக் கழுவச் சொன்னா.”